நுகத்தடியில் சுற்றியிருந்த துணி

“…இருபதுன்னு போட்டிருக்கீங்க, பத்தொம்பது நாளுங்க. இருபதாம் நாள் காத்தால மாடு எங்க ஊட்டுல இருந்துச்சுங்க. நான்தானுங்க தண்ணி காட்டுனேன்” என்றாள் அந்தப் பெண்.

சூலூருக்குப் பக்கத்தில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவள் என்னை உட்கார வைத்திருந்தாள். அவள் கையில் இருந்தது நான் எழுதிய ஒரு தாள். மிருகங்களையும் குழந்தைகளையும் கொடுமையிலிருந்து காப்பதற்கென்று கோயமுத்தூரில் இருந்த ஒரு பழைய சங்கத்தின் வரலாற்றில் ஒரு பக்கம். நான் அந்தச் சங்கத்தின் தொண்டன். ஆண்டு விழா மலருக்காக வரலாறு எழுதும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அவள் வீட்டு மாட்டைப் பற்றிப் பத்து வரியும், அவளைப் பற்றி மூன்று வரியும் இருந்தன. படித்துவிட்டு, ‘நல்லா இருக்குதுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்றால் நிம்மதியாகப் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் கொடுத்தேன்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பதினோரு வயதில், ஆறாம் வகுப்பில், அவள் படிப்பு நின்றுபோனது. நிறுத்தியவன் நான். யாரும் என்னைக் கேட்டதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தை நான் நிறைய நாள் அனுபவித்துவிட்டேன்.

நான் மோட்டார் பம்ப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவன். எட்டாவதோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. மிச்சத்தை நூலகத்திலும், டீக்கடைப் பேப்பரிலும், மற்றவர் வாயிலிருந்தும் படித்துக்கொண்டேன். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. முகம் மறந்துபோகும், பேச்சு மனசில் நிற்கும். எங்கள் பட்டறைக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மட்டும் சங்கம் கொடுத்த பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, துணைக்கு ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் நிற்பேன். வண்டி மாடுகளின் கழுத்தைத் தடவிப் பார்ப்பது என் வேலை. புண்ணோடு ஓட்டினால் மாட்டை அவிழ்த்துச் சங்கத்தின் கொட்டகைக்கு அனுப்பலாம். மாட்டு டாக்டர் பார்த்து, சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்த பிறகே திருப்பித் தருவோம்.

சூலூர்ப் பக்கம் நாங்கள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டதும், “புண்ணு பாக்கறவரு வந்துட்டாருங்க, மேலுல காயம் இருக்கறவங்கெல்லாம் சட்டையப் போட்டுக்குங்க” என்று குரல் கொடுப்பார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளூர எனக்குப் பெருமைதான். எட்டாவது படித்தவனைப் பார்த்து வண்டிகள் நிற்கின்றனவே.

சங்கத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத்தானே எழுதப் போனேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், பருத்தி மூட்டை ஏற்றி வந்த மாடுகள் மார்க்கெட் வாசலில் நாக்குத் தள்ளி விழுவதைப் பார்த்த ஒரு பாதிரியார் வீட்டு அம்மாள், அங்கே ஒரு கல் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்ற ஆள் போட்டாராம். தொட்டிக்குப் பக்கத்தில் நிழலுக்கு ஒரு கூரை. கூரை கொட்டகையாகி, பின்னால் ஒரு மில்காரக் குடும்பம் நிலம் கொடுக்க, சங்கமாகிவிட்டது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. சங்கத்தின் பெயரில் குழந்தைகள் எப்போது சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கரையான் தின்றது போக மிஞ்சியிருந்த ஒரு பழைய கூட்டக் குறிப்பில் கண்டுபிடித்தேன். குதிரையைச் சாட்டையால் விளாசிய ஒரு ஜட்காக்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். குதிரை முதுகில் இருந்த அதே தடிப்பு, வண்டியில் உட்கார்ந்திருந்த அவர் மகள் முதுகிலும் இருந்திருக்கிறது. நிறுத்தியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்து கூட்டம் போட்டார்கள். இனிமேல் குழந்தைகளையும் சேர்த்துப் பார்ப்பது என்று அன்றைக்குத் தீர்மானம். அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று குறிப்பில் இல்லை. குதிரையைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டது பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

பெயர்ப் பலகையில் ஒரு கன்றும் ஒரு குழந்தையும் வரைந்திருக்கும். ஆனால் எங்களிடம் இருந்தது மாட்டுக் கொட்டகை. குழந்தைகள் பற்றி வரும் புகார்களுக்கு ஒரு ஃபைல் இருந்தது. பட்டாணிக் கடையில் வேலை செய்யும் பையனுக்குச் சூடு போட்டார்கள், இன்ன வீட்டில் பிள்ளையைப் பூட்டி வைக்கிறார்கள் என்று கடிதம் வரும். அதுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள், நாம் எப்படி நுழைவது என்று பேசி, டீயும் வடையும் சாப்பிட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம். மாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவிழ்த்துக் கொண்டு வந்துவிடலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டவுனுக்குள் டெம்போக்கள் வந்து வண்டி மாடுகள் குறைந்துபோயிருந்தன. அதனால் திருச்சி ரோட்டில் சூலூர் வரைக்கும் போய் நின்றோம். அந்த வெள்ளிக்கிழமை எங்களோடு ஒரு போட்டோக்காரரும் வந்திருந்தார். எங்கள் தலைவரம்மா அனுப்பியவர். நல்ல மனுஷி அவர். தெருநாய்க்கு முள் குத்தினால் சாப்பாடு இறங்காது அவருக்கு. ‘புண்ணோட ஒரு போட்டோ, ஆறுனப்புறம் ஒரு போட்டோ, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தானுங்க நாலு பேரு நம்புவாங்க’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இரண்டு மணி நேரம் நின்றோம். மூன்று வண்டிகள் வந்தன. எந்த மாட்டுக்கும் கழுத்தில் ஒரு கீறல் இல்லை. போட்டோக்காரர் கேமராவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? “இன்னைக்கு மாடெல்லாம் உங்களுக்குப் பயந்து நல்லாப் போச்சுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று நினைத்தால் அந்த இடத்திலேயே என் வில்லையைக் கழற்றியிருக்க வேண்டும். புண் இல்லாத மாட்டைப் பார்த்து ஏமாந்துபோனவன் நான்.

நாலாவதாக ஒரு ஒற்றை மாட்டு வண்டி வந்தது. தறிகளுக்கு நூல் சிப்பம் ஏற்றிப் போகிறது. பின்னால் சிப்பத்தின் மேல் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி. போகிற வழியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவது அந்த வண்டிக்காரர் வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மாட்டின் கழுத்துக்கு மேலே, நுகத்தடியில், நீலத் துணி சுற்றியிருந்தது.

கழுத்துப் புண்ணை மறைக்க நுகத்தடியில் துணி சுற்றிவிடுவது சில வண்டிக்காரர்களின் தந்திரம். துணியைக் கண்டால் அவிழ்த்துப் பார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நான் கையை வைத்தேன்.

வண்டிக்காரர் கீழே குதித்து வந்தார். “ஏனுங்க, அதை மட்டும் அவுக்காதீங்க. பாப்பா தெச்சுக் குடுத்ததுங்க. ஆறிட்டு வருதுங்க.”

நான் அவிழ்த்துவிட்டேன். சும்மா சுற்றிய துணி இல்லை அது. பழைய பள்ளிக்கூடப் பாவாடையை வெட்டி, தறியில் கழித்த பஞ்சைத் திணித்து, கோணி ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்த திண்டு. நடுவில் மட்டும் பஞ்சு வைக்காமல் ஒரு பள்ளம். நுகத்தடியின் பாரம் சுற்றிலும் இறங்கி, புண் இருக்கும் இடத்தில் எதுவும் படாமல் இருப்பதற்கான பள்ளம். லேத் ஓட்டுகிறவனுக்கு ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அது எதற்காகச் செய்தது என்று தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிட்டது. நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அதற்குள் அந்தச் சிறுமியும் இறங்கி வந்துவிட்டாள். எட்டணா அளவுக்கு ஒரு புண், ஓரமெல்லாம் காய்ந்து, மஞ்சள் அப்பியிருந்தது. “வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டிருக்குதுங்க. நேத்து ஈ கூட உக்காரலீங்க. வேணும்னா அமுக்கிப் பாருங்க” என்றாள்.

அமுக்கினேன். வலி இருந்தால் மாட்டின் தோல் சிலிர்க்கும். சிலிர்க்கவில்லை. அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்து, “உட்ரலாங்களா?” என்றார். போட்டோக்காரர் கேமராவைத் திறந்துவிட்டிருந்தார்.

“புண்ணு புண்ணுதானுங்க” என்றேன்.

மாட்டை அவிழ்த்தோம். போட்டோ எடுத்தார்கள். பெரிதாகத் தெரியட்டும் என்று புண்ணைச் சுற்றியிருந்த மஞ்சளைத் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னார் போட்டோக்காரர். துடைத்தவனும் நானே. திண்டைச் சாட்சிப் பொருள் என்று என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தச் சிறுமி மாட்டின் கயிற்றை விடாமல் நின்றாள். நான் குனிந்து, ரொம்ப அன்பாக, “நீ பள்ளிக்கூடத்துக்குப் போ கண்ணு, மாட்டை நாங்க பாத்துக்கறோம்” என்றேன்.

“அப்ப வண்டிய யாருங்க பாத்துக்குவாங்க?” என்று கேட்டாள். எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பதில் சொன்னது அவள் தகப்பன். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, மாடு நின்ற இடத்தில் போய் அவர் நின்றார். நுகத்தடியைத் தூக்கி மார்போடு அணைத்து இழுக்க ஆரம்பித்தார். சிறுமி புத்தகப் பையை வண்டியில் மாட்டிவிட்டு, பின்னாலிருந்து தள்ளினாள். நூல் சிப்பத்தோடு அந்த வண்டி மேட்டில் ஏறுவதை டீக்கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். “இதையும் ஒண்ணு எடுக்கட்டுங்களா?” என்று போட்டோக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். போய்த் தள்ளிவிட்டு வந்தது டீக்கடைக்காரர்தான். கடையை அப்படியே விட்டுவிட்டு, மேடு ஏறும் வரைக்கும்.

எட்டாம் நாள், அடுத்த வெள்ளிக்கிழமை, மாட்டு டாக்டர் கொட்டகைக்கு வந்தார். கழுத்தைப் பார்த்துவிட்டு, தோல் மூடிவிட்டது, ஓட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். சீட்டும் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தலைவரம்மா மகள் பிரசவத்துக்காக மெட்ராஸ் போயிருந்தார். அவர் வந்து மாட்டுக்குப் பழம் கொடுக்கிற மாதிரி இரண்டாவது போட்டோ எடுக்க வேண்டும். மாடு போய்விட்டால் போட்டோவுக்கு என்ன செய்வது?

வண்டிக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். பட்டறை முடிந்து சாயங்காலம் நான் போகும்போது கொட்டகை வாசலில் நிற்பார். டாக்டர் இன்னும் எழுதித் தரவில்லை என்று சொன்னேன். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அவர் தலையாட்டிக்கொள்வார். சும்மா நிற்க மனமில்லாமல் துடைப்பத்தை எடுத்து அவர் மாடு நின்ற இடத்தை மட்டும் இல்லாமல், எல்லா மாட்டுச் சாணியையும் கூட்டி அள்ளுவார். அவர் பேச்சும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இங்க பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்னு போட்டு, இனி எங்கூட்டுச் சோளத்தட்டு அதுக்குப் புடிக்காதுங்க. சம்பந்தி ஊட்டுக்குப் போன மாதிரி இருக்குது” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பதினைந்தாம் நாள், தறிக்காரர் நூல் ஏற்ற டெம்போ வைத்துக்கொண்டதாகச் சொன்னார். “நல்லவருங்க. ஆள் உட்டுத் தகவல் சொன்னாருங்க” என்று அந்தத் தறிக்காரருக்கு நன்றி வேறு. அன்றைக்காவது சீட்டை எடுத்து நீட்டியிருக்கலாம். நாலு நாளில் தலைவரம்மா வந்துவிடுவார், நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, அரை நாள் லீவு போட்டு வந்து போட்டோ எடுக்க உதவினேன். தலைவரம்மா பழம் கொடுத்தார். மாடு அழகாக வாங்கித் தின்றது. சாயங்காலம் தகப்பனும் மகளும் ஓட்டிப்போக வந்தார்கள். பதிவேட்டில் தலைவரம்மாவின் கையெழுத்து மறுநாள்தான் விழும் என்பதால் மறுநாள் தேதியையே போட்டுக்கொண்டேன். அப்படித்தான் அது இருபது நாள் ஆனது.

மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தச் சிறுமி, “அந்தத் திண்டு எங்கீங்க?” என்றாள்.

“அது எங்கியோ போயிருச்சு கண்ணு. புதுசா ஒண்ணு தெச்சுக்கலாம்” என்றேன்.

“வேற பாவாடை பழசாகலீங்களே” என்றாள்.

அந்தத் திண்டு என் லேத்துக்கு அடியில் கிடந்தது. எண்ணெய் துடைக்க நல்ல துணியாக இருந்ததால் பஞ்சை உதறிவிட்டு அதையே வைத்துக்கொண்டிருந்தேன். நூல் பிரிந்துபோகாமல் வெகுநாள் உழைத்தது.

போன வேலை திரும்பி வரவில்லை. டெம்போவுக்குப் பழகிய தறிக்காரர்கள் மாட்டு வண்டிக்காகக் காத்திருப்பார்களா? அந்த மாடு கொழுகொழுவென்று வீட்டில் நின்றதாகவும், அப்புறம் சந்தையில் விற்றுவிட்டதாகவும், சந்தையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போகிற லாரியில் ஏறியதாகவும் டீக்கடைக்காரர் மூலம் கேள்விப்பட்டேன். பாலக்காட்டு லாரியில் ஏறும் மாடுகள் எதற்காக ஏறுகின்றன என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் இரண்டு போட்டோக்களும் அப்போது எங்கள் அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன.

சிறுமியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து ஒரு பம்ப் வேலையாகத் திருப்பூருக்குக் காலை பஸ்ஸில் போனேன். சூலூரில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு ஏறினார்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்களில் சின்னவள் அவள். தையல்காரர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை அந்த வயசுப் பிள்ளைகளுக்கு. உட்கார்ந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, “உக்காருங்க” என்று இடம் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகலையா என்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்து, கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் தூக்குப் போசி என் தோளில் இடித்தது. இடித்ததும் அவள் அதை மறுகைக்கு மாற்றிக்கொள்வது தெரிந்தது. திருப்பூர் வரும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் இந்த வரலாறு எழுதும் வேலை வந்தது. மிருகங்கள் பகுதி நாற்பது பக்கம் ஓடியது. தலைவரம்மா படித்துப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பகுதி ரொம்ப இளைத்துப்போய்க் கிடக்கிறதே, ஏதாவது தேறுமா பாருங்கள் என்றார். அந்த வண்டிக்காரர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறது, கம்பெனிக்குப் போகிறது, அதற்கு விழாவில் ஒரு தையல் மெஷின் கொடுத்தால் மாட்டையும் பார்த்தோம், பிள்ளையையும் பார்த்தோம் என்று எழுதலாம் என்றேன். அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். தலைவரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ‘ஒரே ஊட்டுல ரெண்டு உசுருங்க’ என்றார்.

எழுதினேன். ‘சங்கத்தின் பராமரிப்பில் இருபது நாட்கள் இருந்து பூரண குணமடைந்த காளை, நன்றிப் பெருக்குடன் நின்ற உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குடும்பத்துப் பெண் குழந்தையின் எதிர்காலத்தையும் கருத்தில் கொண்டு…’ இப்படிப் போகும் அது. எட்டாவது படித்தவன் எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மலர் வெளிவந்தது. அந்தப் பக்கமும் அதில் இருக்கிறது. நான் அதைக் கிழிக்கவில்லை, மாற்றி எழுதவில்லை, தலைவரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் அதில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் நடந்தது. அதுவும் நான் செய்தது இல்லை.

அந்தத் தாளைத்தான் அவளிடம் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை. அவள் தகப்பன் ஒரு தறிக்கூடத்தில் காவல் வேலைக்குப் போயிருந்தார். முதலில் விழாவைப் பற்றிச் சொன்னேன், மெஷினைப் பற்றிச் சொன்னேன். “மிசினு கம்பெனில இருக்குதுங்க. வாரத்துல ஒரு நாளாவது அது மூஞ்சில முழிக்காம இருக்கறனுங்க” என்று சிரித்தாள். இப்போது அவள் கைமடி இல்லை, தையல்காரி. தாளைக் கொடுத்தேன். விரலை வரியின் மேல் வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தாள். ஆறாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து படிக்கிற மாதிரி இருந்தது. படித்து முடித்ததும்தான் அந்த நாள் கணக்கைச் சொன்னாள்.

எழுதியதில் அவளுக்குப் பட்ட தப்பு அது ஒன்றுதானா என்று எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. அந்த லேசில்தான் வாயும் திறந்தது என்று நினைக்கிறேன். “கண்ணு, எட்டாம் நாளே டாக்டரு மாட்டை ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. மிச்ச நாளெல்லாம் நானா வெச்சுக்கிட்டது” என்றேன்.

“தெரியுமுங்க” என்றாள். “ஒம்பதாம் நாளு எங்கய்யன் டாக்டரு ஊட்டுக்கே போய்க் கேட்டுச்சுங்க.”

அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் அந்த மனிதர் தெரிந்தேதான் என் முன்னால் தலையாட்டியிருக்கிறார். தெரிந்தேதான் சாணி அள்ளியிருக்கிறார். சம்பந்தி வீடு என்று சிரிக்கவும் செய்திருக்கிறார். “அப்புறம் ஏன் எங்கிட்டக் கேக்கல?” என்றேன்.

“நீங்க கோவிச்சுப் போட்டு, இன்னும் நாலு நாளு சேத்து வெச்சுருவீங்கன்னு பயமுங்க.”

கோபமே இல்லாமல் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ போட்டுச் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். என்னவென்று எழுதட்டும், நீயே சொல், அப்படியே எழுதிவிடுகிறேன் என்றேன். அந்த நேரத்தில் அதை உண்மையாகத்தான் சொன்னேன் என்று நம்புகிறேன்.

“உங்க புஸ்தகமுங்க, உங்க இஷ்டம்போல எழுதிக்குங்க. நாளை மட்டும் சரியாப் போட்டுருங்க” என்றாள். “அந்தப் பத்தொம்பது நாளுல பாதி நாளு அய்யங்கூட வண்டி தள்ளப் போயிட்டனுங்க. இருபதாம் நாளு மாடு ஊட்டுல. காத்தால தண்ணி காட்டிப் போட்டு, பள்ளிக்கூடம் போனனுங்க. டீச்சரு, ஏன் வரலைன்னு கூடக் கேக்கலீங்க, வா உக்காருன்னாங்க. அதுக்கு அடுத்த மக்யா நாள்தானுங்க கம்பெனிக்குப் போனேன். அந்த ஒரு நாளு எனக்கு மாடும் இருந்துச்சு, பள்ளிக்கூடமும் இருந்துச்சுங்க. அதையும் நீங்க உங்க கணக்குல எடுத்துக்காதீங்க.”

சொல்லிவிட்டு என் பேனாவைக் கேட்டு வாங்கினாள். தாளைத் தொடைமேல் வைத்து நீவிக்கொண்டு, இருபது என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, கோணாமல், பள்ளிக்கூடத்து எழுத்தில், பத்தொன்பது என்று எழுதினாள். மற்ற வரிகளை ஒருமுறை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். எதையும் தொடவில்லை. மை காயும் வரை ஊதிவிட்டு, பேனாவை மூடித் தாளின் மேல் வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.